கீழ்க்காலம் கீழேதான் இருக்க வேண்டும்

பம்பை என்னும் இரட்டை முழவின் தாளத்தை நான் வரைந்த படத்தைத் தலைகீழாக அச்சிட்டிருந்தேன் என்பது, அதை அச்சிட்டு ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் நான்கு பேர் அதை வாங்கிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருவரும் தவறு என்று சொல்லவில்லை. அந்தத் தாளத்தை வாசித்தவரிடம் ஒரு படியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் அதை வாங்கிய கையோடு திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

தருமபுரியில் வீட்டிலிருந்தபடியே வடிவமைப்பு வேலை செய்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முகூர்த்த மாதங்களில் திருமண அழைப்பிதழ், மற்ற நாட்களில் ஃபிளெக்ஸ், பள்ளி ஆண்டு மலர், கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்கு டின் லேபிள் என்று வேலை வந்துகொண்டிருக்கும். இவற்றுக்கு நடுவே, இரண்டு ஆண்டுகளாக, இசையிலிருந்து அச்சுப்படங்கள் செய்துவருகிறேன். ஒரு படம், முப்பது படிகள், ஒவ்வொன்றிலும் எண்ணும் கையெழுத்தும், அவ்வளவுதான். முதலில் செய்தவை எல்லோரும் செய்கிற மாதிரியானவைதான்: நாகஸ்வரத்தின் நிழலுருவம், வீணையின் குடத்திலிருந்து கிளம்பும் பூக்கள், கண்ணை மூடிப் பாடும் ஒரு முகத்தின் பாதி. அவை விற்கவும் செய்தன. ஆனால், அவற்றில் ஒன்றைக்கூட என் அறையில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. கருவியை வரைந்திருந்தேனே தவிர, அந்தக் கருவியிலிருந்து நான் கேட்ட எதுவும் தாளில் இல்லை. மிருதங்கம் என்றால் என்னவென்று தெரியாத ஒருவருக்கு அந்தப் படம் ஒரு பீப்பாயாகத்தான் தெரியும்.

திரைப்பாடல் வரிகளை அழகாக எழுதித் தரச் சொல்லி வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். பிறந்தநாளுக்கும் மணநாளுக்கும் பரிசாகக் கொடுக்கத்தான் கேட்கிறார்கள். அந்த விருப்பம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால், நம் நாட்டில் ஒரு பாடலாசிரியரின் வரிகளுக்கு, அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. அந்த வரியை அச்சிட்டு விற்க வேண்டுமென்றால் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். முப்பது படி விற்கும் ஒருவரால் அந்த அனுமதியைத் தேடி அலைய முடியாது. கேட்காமல் எடுத்துக்கொள்ளவும் எனக்குக் கை வரவில்லை. அதனால் வரிகளை விட்டுவிட்டு, ஒலியின் பக்கம் திரும்பினேன். அப்போது, காது முதலில் போய் நின்றது பம்பையில்தான்.

எங்கள் பக்கத்தில் பம்பை கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. மரத்தில் ஒன்று, உலோகத்தில் ஒன்று என இரண்டு முழவுகளைச் சேர்த்துக் கட்டி இடுப்பில் தாங்கி வாசிப்பது அது. குச்சியும் கையும் மாறி மாறிப் பேசும். அம்மன் கோயில் திருவிழாவில் கரகம் புறப்படும்போதும், சாமி அழைக்கும்போதும், உடுக்கையோடும் சிலம்போடும் அது இல்லாமல் முடியாது. காவேரிப்பட்டினத்தில் மகா சிவராத்திரிக்கு மறுநாள் அங்காளம்மன் திருவிழாவான மயானக் கொள்ளை நடக்கும். போன மாசியில் அந்தக் கூட்டத்துக்கு நடுவே நின்றபோது, எனக்குப் பின்னால் வாசித்துக்கொண்டு வந்த பம்பை மெல்ல மெல்ல வேகம் பிடித்ததையும், அதற்கேற்பச் சுற்றியிருந்தவர்களின் மூச்சு மாறியதையும் முதுகிலேயே உணர்ந்தேன். வரைய வேண்டியது இதைத்தான் என்று அங்கேயே தோன்றிவிட்டது.

பாலக்கோட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிற ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். ஐம்பது ஆண்டுகளாகப் பம்பை வாசிப்பவர் அவர். திருவிழாக் கூட்டத்தில் தெளிவாகப் பதிவு செய்ய முடியாது என்பதால், அவர் வீட்டுக்கு முன்னால் இருந்த புளிய மரத்தடியில், ஏழு எண்ணிக்கையில் சுழலும் ஒரு தாளத்தை எனக்காக வாசித்தார். சாமி வரும்வரை எப்படி வாசிப்பாரோ அப்படியே, நிதானமாகத் தொடங்கி வேகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். 36 சுற்றுகள்; இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். முடித்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "போதுமா கண்ணு?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பதிவைக் கணினியில் விரித்துப் போட்டு, ஒவ்வொரு அடியும் விழுகிற இடத்தைக் குறித்தேன். குச்சியின் அடிக்கு நிறைந்த வட்டம், கையின் அடிக்கு உள்ளே வெறுமையான வளையம். மர முழவுக்கு அடர்ந்த பழுப்பு, உலோக முழவுக்கு மஞ்சள். அடி ஓங்கி விழுந்தால் வட்டம் பெரிது. ஒரு சுற்றுக்கு ஒரு வரி. மொத்தம் 700க்கும் மேற்பட்ட வட்டங்கள். வடிவமைப்பில் பழகிய கை என்பதால், 36 வரிகளையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்து, இடமும் வலமும் நேராக நிறுத்தினேன். பத்தி அமைப்பில் இருபுறமும் ஒழுங்கு செய்கிறோமே, அது போல. பார்ப்பதற்குச் சுத்தமாக இருந்தது. படுக்கை விரிப்பின் துணிக்கு நல்ல வேலைப்பாடாகவும் ஆகியிருக்கும். ஆனால், மயானக் கொள்ளையில் என் முதுகில் ஏறிய அந்த வேகம் எங்கேயும் இல்லை. ஏழு நாள் அதையே திருத்திக்கொண்டிருந்தேன்: நிறத்தை மாற்றினேன், இடைவெளியை மாற்றினேன், பின்னணியைக் கறுப்பாக்கினேன்.

எட்டாம் நாள், திருத்தியவற்றையெல்லாம் தள்ளிவிட்டு, நேரத்தை நேரமாகவே வைத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். ஒரு நொடிக்கு ஆறு சென்டிமீட்டர் என்று அளவு வைத்தேன். முதல் சுற்றுக்குப் பெரியவர் எடுத்துக்கொண்டது 4.2 நொடி, அந்த வரி 25.2 சென்டிமீட்டர் நீண்டது. கடைசிச் சுற்று 2.6 நொடி; அது 15.6 சென்டிமீட்டரில் முடிந்தது. நடுவில் இருந்த வரிகள் ஒரே சீராகக் குறையவில்லை. இருபதாவது சுற்று வரை ஒவ்வொன்றும் மயிரிழை அளவே சுருங்கியது. அதற்குப் பின் சட்டென்று உள்ளே இழுத்தது. முப்பதில் சற்றுத் தளர்ந்து, திரும்ப இறுக்கியது. வரிகளின் வலது ஓரம், யாரும் வரையாத ஒரு வளைவாகத் தாளில் வந்து நின்றது. அந்த வளைவைப் பார்த்துக்கொண்டே பதிவை ஓடவிட்டேன். கண்ணும் காதும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன. படம் கிடைத்துவிட்டது என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அச்சில் ஒரு துன்பம் இருந்தது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் டிஜிட்டல் முறையில் அச்சிட வெளியூர்க் கடை ஒன்றுக்குக் கோப்பை அனுப்பினேன். மாதிரி ஒன்று அடித்துக் காட்டுங்கள் என்று மூன்று முறை கேட்டும் காட்டாமல், முப்பது படியையும் அடித்து அனுப்பிவிட்டார்கள். மஞ்சள் பச்சையடித்துப்போயிருந்தது. கணினித் திரையின் நிறத்தை அச்சின் நான்கு மைகளுக்கு மாற்றும்போது மஞ்சளுக்குள் சயான் என்னும் நீல மை சிறிதளவு புகுந்துவிட்டால் அப்படித்தான் ஆகும். மஞ்சளில் நூற்றுக்கு ஐந்து பங்கு சயான் கலந்தாலே கண் கண்டுபிடித்துவிடும். வேறெந்த நிறமும் இவ்வளவு எளிதில் கெட்டுப்போவதில்லை. அந்த முப்பதையும் நான் விற்கவில்லை.

பிறகு, எனக்கு அழைப்பிதழ் அச்சிட்டுத் தருகிற உள்ளூர் அச்சகத்துக்கே போனேன். மஞ்சளை மஞ்சளாகவே கலந்து வைத்துக்கொண்டு அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறை அங்கே இருக்கிறது. அந்த அச்சக அண்ணன் அதுவரை அட்டையில்தான் அச்சிட்டிருக்கிறார். பருத்தியில் செய்த, 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது மையைக் குடிக்கும், இரண்டு இழுப்பு வேண்டும்" என்றார். மெஷ் என்னும் மெல்லிய வலை கட்டிய பிரேமைத் தாளின் மேல் இறக்கி, மையை ஓரத்தில் ஊற்றி, மையை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் மார்பை நோக்கி இழுக்கும்போது, மெஷ் தாளிலிருந்து விடுபடுகிற ஒரு மெல்லிய ஓசை எழும். துணியைக் கிழிப்பது போன்று, ஆனால் அதைவிட ஈரமான ஓசை. அந்த ஓசை ஒரே சீராக இருந்தால் மை சமமாக இறங்கியிருக்கிறது என்று பொருளாம். நடுவில் தடுக்கினால், பிரேமைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்பே அந்தத் தாளை ஒதுக்கிவிடுவார். பழுப்பை அடித்து, ஒரு நாள் கொடியில் கிளிப் போட்டு உலர்த்தி, மறுநாள் மஞ்சளை அடித்தோம். இரண்டாம் நிறம் சரியான இடத்தில் உட்கார்வதற்காக நான்கு மூலையிலும் சிறு கூட்டல் குறிகள் வைத்திருந்தோம். குறியோடு குறி பொருந்தாத தாள்கள் நான்கு கழிந்தன. மஞ்சள் ஒவ்வொரு தாளிலும் மேலெழும்பி, விரலால் தடவினால் வட்டம் வட்டமாகத் தட்டுப்பட்டது.

அந்தப் படிகளில் ஒன்றைத்தான் பெரியவரிடம் கொண்டுபோனேன். ஒரு படியின் விலை 1,800 ரூபாய். அதில் 400 ரூபாய் அவருக்கு என்று முன்பே பேசியிருந்தோம். தாளம் ஊருக்கெல்லாம் பொதுவானது. ஆனால், அன்று புளிய மரத்தடியில் வாசித்த வாசிப்பு அவருடையது. பாடுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் தங்கள் நிகழ்த்தலின் மேல் 50 ஆண்டு உரிமை இருக்கிறது என்று நம் காப்புரிமைச் சட்டம் சொல்கிறது. நாட்டார் கலைஞர்களிடம் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம். அவருடைய ஒலியிலிருந்து வந்த படத்தில் அவருக்குப் பங்கு இல்லை என்றால், அதை விற்க எனக்கு உரிமை இல்லை.

அவர் திண்ணையில் உட்கார்ந்து, தாளை மடியில் விரித்து, தலைகீழாகத் திருப்பிக்கொண்டார். கண்ணாடி இல்லாததால் அப்படிப் பிடித்திருக்கிறார் என்று எண்ணி, "ஐயா, இப்படித்தான் பார்க்க வேண்டும்" என்று நான் திருப்பி வைத்தேன். மேலேயிருந்து கீழே வரி வரியாக வர வேண்டும், முதல் சுற்று மேலே, கடைசிச் சுற்று கீழே என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எந்த வட்டம் கை, எந்த வட்டம் குச்சி என்று நான் சொன்னதும், விரலை முதல் வரியில் வைத்துத் தொடையில் தட்டிப் பார்த்தார், சரியாக வந்தது. இரண்டாவது, மூன்றாவது வரியும் வந்தன. பத்து வரி போனபின் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏறுறது கீழயா போவும், கண்ணு?"

மறுபடி தாளைத் திருப்பினார். நீண்ட வரி அடியில் வந்தது. அங்கிருந்து விரல் மேல்நோக்கிப் போகப் போக வரிகள் ஒடுங்கின; தொடையில் விழுந்த தட்டு நெருங்கியது. உச்சியில் விரல் நின்ற இடத்தில் அவர் வாசிப்பும் நின்றது. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளைப் பேருந்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ, ஒரு பக்கம் செங்குத்தும் மறுபக்கம் சரிவுமாக, அப்படி ஒரு உருவம் அவர் மடியில் இருந்தது. அது வரை அதை நான் பார்த்ததே இல்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அடி ஏறுகிறது என்றுதான் நாம் சொல்கிறோம். இறங்குகிறது என்று யாரும் சொல்வதில்லை. கச்சேரிக்காரர்களும் மெதுவாகப் பாடுவதைக் கீழ்க்காலம் என்றும், விரைவாகப் பாடுவதை மேல்காலம் என்றும் சொல்கிறார்கள். காலத்தின் திசையை இந்த மொழி எனக்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறது. நானோ எழுத்தைப் படிக்கிற பழக்கத்தில் மேலே தொடங்கிக் கீழே முடித்திருந்தேன். வேகம் பிடிக்கிற ஒரு தாளத்தைப் படிக்கட்டில் இறங்குவது போல் வரைந்திருந்தேன். தாளில் எதை எங்கே வைப்பது என்று வடிவமைப்பில் எத்தனையோ நெறிகளைக் கற்றிருக்கிறேன். இசையை வரையும்போது, அந்த இசையை வாசிப்பவர்களும் கேட்பவர்களும் அதைப் பற்றி எந்தச் சொற்களில் பேசுகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் தாளைத் தொட வேண்டும் என்பதை அந்தத் திண்ணையில்தான் கற்றேன். வேறு நெறி எதையும்விட இப்போது அதையே நான் முதலில் வைக்கிறேன்.

உடனே, மேசையில் இருந்த இன்னொரு படத்தையும் எடுத்துப் பார்த்தேன். அது மிருதங்கத்தின் வலந்தலையை, அதாவது வலக்கை வாசிக்கும் முகத்தைப் பற்றியது. பொதுவாக ஒரு தோல் முழவை அடித்தால், அடியொலியோடு சேர்ந்து எழும் உயர்ந்த துணையொலிகள் ஒன்றோடொன்று இசைந்து நிற்பதில்லை. மிருதங்கத்திலோ, நடுவில் பூசிய அந்தக் கரிய சோற்றின் கனத்தால் அவை தந்திக் கருவியில் இருப்பதைப் போல முழு எண் விகிதத்துக்கு வந்துவிடுகின்றன. சி. வி. ராமன் இதை 1920இல் எழுதி, 1934இல் விரிவாக விளக்கினார். முழவின் முகத்தில் மெல்லிய மணலைத் தூவி, அதிராத இடங்களில் அது கோடுகளாக ஒதுங்கி நிற்பதைப் படமாகவும் பிடித்தார். உலோகத் தகட்டில் மணல் தூவி, விளிம்பை வில்லால் இழுத்து உருவங்களைக் காட்டும் முறையை 1787இலேயே ஜெர்மானியரான கிளாட்னி வெளியிட்டிருந்தார்; ராமன் அதை நம் தோலுக்குக் கொண்டுவந்தார். உறவினர் ஒருவரின் மிருதங்கத்தில் நானும் செய்து பார்த்தேன். ஒரு விரலை விளிம்பருகே மெல்ல வைத்துக்கொண்டு பக்கவாட்டில் தட்டினால், மணல் துள்ளித் துள்ளி, விரலிலிருந்து எதிர் விளிம்பு வரை ஒற்றைக் கோடாக வந்து படிகிறது. அதைப் பார்க்கும்போது, ஒரு ஒலி தன்னைத் தானே வரைந்துகொள்வதாகத்தான் எனக்குத் தோன்றியது.

மிருதங்கத்தில் இப்படி இசைந்து நிற்கும் ஐந்து ஒலிகளுக்கு, மணல் காட்டும் உருவங்கள் ஒன்பது. அடியொலிக்குக் கோடே இல்லாத வட்டம் ஒன்று. இரண்டாவதற்கு ஒரு விட்டக்கோடு. மூன்றாவதற்கு இரண்டு உருவங்கள்: குறுக்கிடும் இரு கோடுகள், உள்ளே ஒரு வளையம். நான்காவதற்கும் இரண்டு, ஐந்தாவதற்கு மூன்று. இந்த ஒன்பதையும் நான் கோபுரம் போல அடுக்கியிருந்தேன். உச்சியில் ஒன்று, அடியில் மூன்று. நிலையாகவும் நிறைவாகவும் இருந்தது. ஆனால், சுருதியிலும் கீழ் ஸ்தாயி, மேல் ஸ்தாயி என்றுதானே சொல்கிறோம்? அடியொலியை உச்சியில் வைத்துவிட்டு அதை இசைப்படம் என்று எப்படிச் சொல்வது? திருப்பினேன். ஒற்றை வட்டம் அடியில் நிற்க, அதன் மேல் மற்றவை விரிந்துகொண்டு போயின. ஒற்றைக்காலில் நிற்பது போலிருக்கிறது என்று நண்பர் ஒருவர் சொன்னார். தம்பூராவின் ஒரு தந்தியிலிருந்து அத்தனை ஒலிகள் எழுவதைக் கேட்டவர்களுக்கு அந்த நிலை அந்நியமாகத் தோன்றாது என்று நம்பி, அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்றாவது படம் எங்கள் ஊரின் மிகப் பழைய முழவைப் பற்றியது. தருமபுரிதான் அன்றைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். உங்கள் நாட்டில் போரிட வல்லவர்கள் உண்டா என்று பகை வேந்தன் கேட்டதற்கு ஒளவையார் தரும் மறுமொழி, புறநானூற்றின் 89ஆம் பாடலில் இருக்கிறது. மன்றத்தில் தண்ணுமை என்னும் முழவு ஒன்று தொங்குகிறது. அதன் தெளிந்த கண்ணில் காற்று வந்து மோதுகிறது. அந்த ஒலி கேட்டால் போதும், போர் வந்துவிட்டது என்று சொல்லும் என் தலைவனும் இருக்கிறான் என்கிறார். முழவின் அடிபடும் முகத்துக்குக் கண் என்ற சொல் அன்றே இருந்திருக்கிறது. இந்தப் பாடலை வரைய எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. வாளையும் வேலையும் வரைந்து பார்த்தேன். பாடலில் அவை எதுவும் நடக்கவில்லை. யாரும் அடிக்காத ஒரு முழவின் ஒலியை எந்த மையால் அச்சிடுவது என்பதுதான் கேள்வி.

விடை அந்த அழைப்பிதழ் அச்சகத்திலேயே இருந்தது. அட்டையில் பிள்ளையாரை மை இல்லாமல் எம்பாசிங் செய்து மேலெழுப்புகிறார்களே, அந்த எந்திரத்தில், வெறும் ஒரு வட்டத்துக்கு மட்டும் அச்சுக்கட்டை செய்யச் சொன்னேன். வெள்ளைத் தாள், மையில்லை, கையகல வட்டம் ஒன்று, தாளின் மேற்பகுதியில், சற்று வலப்புறம் ஒதுங்கி. முழவு தொங்கியது என்று பாடல் சொல்லும்போது அதைத் தாளின் நடுவில் வைக்க எனக்கு விருப்பமில்லை. நேரே நின்று பார்த்தால் வெற்றுத் தாளாகத்தான் தெரியும். மாலையில் சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது வட்டத்தின் ஒரு விளிம்பில் மெல்லிய நிழல் எழுகிறது; விளக்கைப் போட்டால் மறைந்துவிடுகிறது. என் அறையில் நான் மாட்டியிருக்கும் முதல் படம் இதுதான்.

பம்பைப் படத்தின் மீதிப் படிகளில் நான் இன்னும் எண் போட்டிருக்கவில்லை. அவற்றில் கையெழுத்தை மறுமுனையில் இட்டுவிட்டேன். முன்பே வாங்கிய நால்வருக்கும் நடந்ததை எழுதி, படத்தைத் திருப்பி மாட்டிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். விரும்பினால் மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னேன். மூவர் திருப்பிவிட்டதாகப் படம் எடுத்து அனுப்பினார்கள். அந்த மூன்றிலும் என் கையெழுத்து மேல் மூலையில் தலைகீழாக நிற்கிறது. நான்காமவர் ஓசூரில் இருக்கிறார். முதலில் பார்த்தபடியே பழகிவிட்டது, இருக்கட்டும் என்றார். பெரியவர் வாசித்த அந்த இரண்டு நிமிடப் பதிவை அந்த ஓசூர்க்காரருக்கு அனுப்பியிருக்கிறேன்.